பதின்மூன்றாவது பெயர்

கினெஷ்மா,
பிப்ரவரி 10.

என் அருமை மகள் வார்யாவுக்கு,

அப்பாவின் ஆசிகள். நீயும் மாப்பிள்ளை ரமோனும் நலம் என்று நம்புகிறேன். உங்கள் ஸ்பெயினில் இந்த மாதமே பாதாம் பூத்துவிடும் என்று போன வருஷம் படம் அனுப்பியிருந்தாய். இங்கே வோல்கா இன்னும் வெள்ளைப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருக்கிறது. மீன் பிடிப்பவர்கள் பனிக்கட்டியில் துளை போட்டு, துளைக்கு ஒருவராக உட்கார்ந்திருக்கிறார்கள். மூடுபனி இறங்கும்போது அவர்கள் ஒவ்வொருவராக மறைந்து போவதை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். ஓய்வு பெற்ற படகுக்காரனுக்கு வேறு என்ன வேலை?

ஞாயிறுதோறும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நீ யோசிப்பாய். நம் வீடு இப்போது மிகவும் அமைதியாகிவிட்டது. முன்பெல்லாம் நான் உன்னோடு பேசும்போது அடுத்த அறையில் அம்மா பாத்திரங்களோடு சண்டை போடுவாள், ரேடியோவுக்குப் பதில் சொல்வாள், ஜன்னலைத் திறந்து தெருவில் போகும் எவனையாவது, "தொப்பியப் போடுடா, காது உதிர்ந்து கீழ விழும்!" என்று அதட்டுவாள். அந்த இரைச்சலின் மறைவில் நான் எதையும் பேசலாம். இப்போது நான் தொண்டையைச் செருமினால்கூட அவள் காதில் விழுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நவம்பரில் அம்மாவின் குரல்வளையில் கட்டி இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். டிசம்பரில் இவானோவோவுக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டாள். குரல்வளை முழுவதையும் எடுத்துவிட்டார்கள். பயப்படாதே, கட்டி வேறெங்கும் பரவவில்லை, உயிருக்கு ஆபத்தில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனால் இனி அவளுக்குக் குரல் கிடையாது. கழுத்தின் அடியில் சின்னதாக ஒரு துளை. மூச்சு அதன் வழியாகத்தான். அதை மறைக்க நீலநிறத் துணி ஒன்றைக் கட்டிக்கொள்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறது அவளுக்கு.

இதை மூன்று மாதம் உன்னிடம் மறைத்ததற்கு என்னைத் திட்டாதே. ஆபரேஷனுக்கு முந்தின நாள் என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள்: "கேப்டன், வார்யாகிட்ட மூச்சு விடக் கூடாது. பரிதாபப்பட்டு வர்ற பொண்ணு எனக்கு வேணாம். வந்தா கோபத்தோடயே வரட்டும்." நான் தலையாட்டினேன். அந்த வாக்கை இன்று மீறுகிறேன். அறுபத்து நான்கு வயதில் மீறுவதற்கு மனிதனுக்கு வேறு என்ன மிச்சம் இருக்கிறது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவானோவோவுக்குப் புறப்பட்ட அன்று, பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது, ஆற்றங்கரைக்குப் போகலாம் என்றாள். பழைய படகுத்துறைக்குப் போனோம். பாலம் வந்து பதினாறு வருஷமாயிற்று, துறையில் இரண்டு துருப்பிடித்த தூண்கள்தான் பாக்கி. ஆற்றின் நடுவே இன்னும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, ஓரங்களில் மட்டும் மெல்லிய பனிக்கட்டி. அக்கரை தெரியவில்லை, ஒரே மூடுபனி. அவள் இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு, அந்தக் காலத்தில் பயணிகள் கூப்பிடுவார்களே, அப்படிக் கூப்பிட்டாள்: "ஓஹோய்! கேப்டன்! படகு கொண்டா!" நான் அவள் பக்கத்தில்தான் நிற்கிறேன். படகோ பழைய இரும்பாகி எங்கோ போய்விட்டது. அந்தக் குரல் தண்ணீர் மேல் போய்க்கொண்டே இருந்தது. கொஞ்சம் பொறுத்து அக்கரையிலிருந்து யாரோ, முகம் தெரியாதவன், "வர்றேன்! வர்றேன்!" என்று பதில் கூவினான். அம்மா சிரித்துச் சிரித்து என் தோளில் சாய்ந்தாள். அத்தனை உயரமானவள் சாய்ந்தால் நான் என்ன ஆவேன் என்று உனக்குத் தெரியும். இருவரும் பனியில் உட்கார்ந்துவிட்டோம்.

போன வாரம் முதல் மறுபடி பெண்களுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்க உள்ளரங்க மைதானத்துக்குப் போகிறாள். தடுக்கவில்லை, தடுக்க முடியாது. நீ அவளுக்கு எழுத வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உன் வலது முழங்காலுக்குக் குளிர் ஆகாது, கவனம். மாப்பிள்ளைக்கு என் அன்பு. கடவுள் உன் வாசலில் எப்போதும் வெயிலை வைத்திருக்கட்டும்.

உன் நலம் நாடும் அப்பா,
வெனியமின்.


கினெஷ்மா,
மார்ச் 24.

அன்பு வார்யா,

உன் கடிதமும் பாதாம் மிட்டாய்ப் பெட்டியும் வந்து சேர்ந்தன. "கேட்டு வருத்தமாக இருக்கிறது, உடம்பைக் கவனித்துக்கொள்ளச் சொல்லுங்கள்" என்று ஒரு வரி எழுதியிருந்தாய். ஒரு வரிதான் என்று குறை சொல்லவில்லை. பதினொரு வருஷத்தில் அவள் நலம் நாடி நீ எழுதிய முதல் வரி அது. நான் அதை மடித்து என் தொப்பியின் உள்மடிப்பில் வைத்திருக்கிறேன். மிட்டாயை அம்மாவிடம் கொடுத்தபோது யார் அனுப்பியது என்று சொல்லவில்லை. பெட்டியின் மேல் இருந்த முத்திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றைப் பாலில் ஊறவைத்துச் சாப்பிட்டாள். பெட்டியை மட்டும் தூக்கி எறியவில்லை. அதில் இப்போது தையல் நூல் இருக்கிறது.

நான் தினமும் காலையில் அவளோடு மைதானத்துக்குப் போகிறேன். உனக்கு நினைவிருக்கும், உள்ளே ஜன்னலடியில் சூடாக ஒரு குழாய் ஓடும், அதன் பக்கத்தில் ஒரு பெஞ்சு. அங்கேதான் என் இடம். வார்யா, நீ இதைப் பார்க்க வேண்டும். பதினைந்து பெண்கள், எல்லோரும் பதினைந்து பதினாறு வயது. பந்து தரையில் விழும் சத்தமும் காலணி உராயும் சத்தமும் தவிர வேறு சத்தமே இல்லை. உயரமான ஜன்னல்கள் வழியே பனியின் வெளிச்சம் உள்ளே விழுகிறது. அம்மா நடுவில் நின்று கையை உயர்த்துகிறாள், பெண்கள் திரும்புகிறார்கள். இரண்டு விரலைச் சுழற்றுகிறாள், கெண்டை மீன் கூட்டம் போல எல்லோரும் ஒன்றாக வளைந்து போகிறார்கள். அவளால் விசில் ஊத முடியாது, மூச்சு வாய்க்கே வருவதில்லை. அதனால் காலால் தரையைத் தட்டுகிறாள். நாற்பத்தாறாம் நம்பர் காலணி! குழாயடியில் இருக்கும் எனக்கு முதுகெலும்பு வரை அதிர்கிறது. சில சமயம் நான் பாதி உறங்கிப்போய், ஆற்றின் அடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேனோ என்று நினைத்துக்கொள்வேன்.

முன்பு அந்தப் பெண்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'ஆலைச் சங்கு'. "ஏய் பஞ்சு மூட்டை! கால்ல பசை தடவியிருக்கியா?" என்று அவள் கத்தினால் பக்கத்துத் தெருப் பால்கடையில் வரிசை நகருமாம். இப்போது கழுத்தில் சின்னப் பிள்ளைகளின் எழுத்துப் பலகை ஒன்று தொங்குகிறது. எழுதி அழிக்கலாம். போன வாரம் ஒருத்தியிடம் எதையோ எழுதிக் காட்டினாள். அந்தப் பெண் அழுத்தம் திருத்தமாகப் படித்தாள்: "நீ... ஒரு... பஞ்சு... மூட்டை." எல்லோரும் தரையில் விழுந்து சிரித்தார்கள். அம்மாவின் தோள்களும் குலுங்கின. சத்தம் இல்லாமல் சிரிப்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன்.

அங்கே உட்கார்ந்திருக்கும்போது பழையதெல்லாம் நினைவில் மிதந்து வருகிறது. அம்மா நெசவாலையில் தறி ஓட்டியவளின் மகள், பதினைந்து வயதில் ஒரு மீட்டர் தொண்ணூற்றாறு உயரம். தெருவில் பிள்ளைகள், "சீமா, மேல மழை வருதா?" என்று கேட்பார்களாம். ரொட்டிக் கடை வரிசையில் நின்றவளை விளையாட்டு அதிகாரி ஒருவர் பார்த்து, அடுத்த வாரமே மாஸ்கோவுக்கு அழைத்துப் போனார். அதன் பிறகு நடந்தது உனக்கே தெரியும். நாட்டின் அணி, இரண்டு ஐரோப்பியத் தங்கம், செய்தித்தாளில் படம். ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நாங்கள் எப்படிச் சந்தித்தோம் என்று நீ கேட்டபோதெல்லாம், "உங்கப்பா டிக்கெட் கேட்டாரு" என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவாள்.

1984 கோடை. ஒலிம்பிக்குக்கு நம் நாடு போகவில்லை என்று முடிவாகியிருந்தது. அவளுக்கு இருபத்தேழு வயது, ஆட்டத்தின் உச்சம். கட்டிய பெட்டியோடு ஊருக்குத் திரும்பி வந்தாள். மறுநாள் காலை ஆறு மணிக்கு, முதல் நடையில், என் படகில் ஏறி முன்பக்கம் உட்கார்ந்தாள். அக்கரையில் இறங்கவில்லை. திரும்பி வந்தோம், இக்கரையிலும் இறங்கவில்லை. நாள் முழுக்க அப்படியே. மூன்றாம் நாள் நான் அவள் முன்னால் போய் நின்றேன். அவள் உட்கார்ந்திருந்தாள், நான் நின்றிருந்தேன், இருவர் கண்ணும் ஒரே மட்டத்தில் இருந்தன. "அம்மா, ஒரு டிக்கெட்டுக்கு ஒரு கரைதான்" என்றேன். அவள், "எந்தக் கரைல எறங்கணும்னு நீங்களே சொல்லுங்க, எறங்கிடறேன்" என்றாள். நான் தொப்பியைக் கழற்றிவிட்டு, "அப்போ உக்காருங்க" என்றேன்.

நாற்பத்தோரு நாள் உட்கார்ந்திருந்தாள். வெயில், மழை, காலை மூடுபனியில் கரை இரண்டும் காணாமல் போகும் நேரம், எல்லாவற்றிலும். நான் தேநீர் கொண்டுபோய் வைப்பேன். குடித்துவிட்டுக் கோப்பையைக் கவிழ்த்து வைப்பாள். அங்கே எங்கோ தூரத்தில் போட்டிகள் நடந்து முடிந்தன, வேறு யாரோ பதக்கம் வாங்கினார்கள். ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் எழுந்து நின்றாள். "கேப்டன், இனிமே எறங்கலாம்னு தோணுது. உங்க வீடு எந்தக் கரைல?"

அவ்வளவுதான் எங்கள் காதல் கதை.

பிறகு நீ பிறந்தாய். அவள் ஆட்டத்தை விட்டாள். ஆலையின் பழைய கிடங்கில் கூடை மாட்டி ஊர்ப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தபோது, ஜெர்சிக்குத் துணி இல்லாமல் பூப்போட்ட படுக்கை விரிப்பை வெட்டித் தைத்தாள். யாரொஸ்லாவ்லில் எதிரணி, "படுக்கைங்க வந்துடுச்சு!" என்று கேலி செய்தது. அவர்களை நாற்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்கடித்துவிட்டு அவள் சொன்னாள்: "நல்லா தூங்குங்க பொண்ணுங்களா!" உனக்கு அப்போது நான்கு வயது, பெஞ்சில் என் மடியில் இருந்தாய்.

இப்போது கவலையைச் சொல்கிறேன். அம்மாவின் விளையாட்டுப் பள்ளிக்குப் புதிய இயக்குநர் வந்திருக்கிறார், யெஃபீமொவ் என்று இளைஞர். கெட்டவர் இல்லை. ஆனால் குரல் இல்லாத பயிற்சியாளரைப் போட்டிக்கு எப்படி அனுப்புவது என்று அவருக்குப் பயம். "வெனியமின் பெத்ரோவிச், அவங்கள கௌரவ ஆலோசகரா வெச்சுக்கறோம். நாற்காலி, மாலை, மேடை எல்லாம் உண்டு. நீங்க கொஞ்சம் சொல்லிப் பாருங்க" என்று என்னிடம் வந்தார். நான் வாய் திறப்பதற்குள் அம்மா பலகையில் எழுதி அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்: "அலமாரி பொம்மையா?" அவர் சிவந்து போனார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஏப்ரல் இருபதாம் தேதி கொஸ்த்ரோமாவில் பிராந்தியப் போட்டி. அதில் நம் பெண்கள் இறுதி ஆட்டம் வரை போனால் அவள் தொடரலாம். இல்லையென்றால் நாற்காலி, மாலை, மேடை.

மதியம் சாப்பிட்டு அவள் கண்ணயரும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து வலை பின்னுவேன். உறக்கத்தில் அவள் உதடுகள் அசைகின்றன. யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். யார் என்று உதட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயல்கிறேன். சில பெயர்கள் எனக்குத் தெரியும்.

உனக்குக் கசப்பானதை எழுதிவிட்டேனோ? மன்னித்துக்கொள். உடம்பைப் பார்த்துக்கொள் மகளே.

என்றும் உன் அப்பா.


கினெஷ்மா,
ஏப்ரல் 29.

என் கண்ணே வார்யா,

ஆற்றின் பனிக்கட்டி உடைந்துவிட்டது. இந்த வருஷம் பத்து நாள் முன்னதாகவே. மூன்று நாள் ஆறு முழுக்க வெள்ளைத் துண்டுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு, பெருமூச்சு விட்டுக்கொண்டு போயின. இப்போது தண்ணீர் பழுப்பாக, அகலமாக, அவசரமில்லாமல் போகிறது. ஆடு மேய்க்கும் லூக்கா தாத்தாவின் வேலி ஒன்று அப்படியே மிதந்து போனதைப் பார்த்தேன். ஊரே நலம்.

போட்டியைப் பற்றிச் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் நடந்ததை முதலில் சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். இதை நீ உட்கார்ந்துகொண்டு படி.

பதினைந்து பெண்களில் பன்னிரண்டு பேர்தான் கொஸ்த்ரோமாவுக்குப் போகலாம். இரண்டு பேருக்குக் கைகாலில் அடி, அவர்கள் இல்லை என்பது அவர்களுக்கே தெரியும். மிச்சம் பதின்மூன்று. ஒரு பெயர் குறைய வேண்டும். அம்மா இரண்டு நாள் காகிதத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் காலை கோட்டை மாட்டினாள், என் கோட்டையும் எடுத்து என் மேல் எறிந்தாள். எங்கே என்று கேட்டேன். வா என்று கை காட்டினாள்.

உருகிய பனிச் சேற்றில் ஊரின் மறுகோடி வரை நடந்தோம். ஸ்தேஷா என்ற பெண்ணின் வீடு. ஐந்தாம் மாடி, ஏறும்போது அம்மா மூன்று இடத்தில் நின்று கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். ஸ்தேஷாவின் தாய் ரொட்டித் தொழிற்சாலையில் வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். "அய்யோ ஸெராஃபிமா பாவ்லோவ்னா, நீங்களா! உள்ள வாங்க, காலணியோடயே வாங்க!" என்று பதறி, உப்பில் ஊறிய காளானையும் முட்டைக்கோஸ் வைத்துச் சுட்ட ரொட்டியையும் மேசையில் பரப்பினாள். ஸ்தேஷா கதவோரம் நின்றாள். ஈரத் தலை, கையில் பாடப் புத்தகம். அவளுக்குப் புரியவில்லை, ஆனால் பயம் வந்துவிட்டது. முகத்தில் தெரிந்தது.

அம்மா பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள். படி என்று கண்ணால் சொன்னாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது, எதற்காக என்னை அழைத்து வந்தாள் என்று. அவளுக்குக் குரல் இல்லை. என் குரல்தான் அவளுக்கு.

அதில் எழுதியிருந்தது இதுதான்: "ஸ்தேஷா, பன்னெண்டு பேர்ல உன் பேர் இல்ல. நாளைக்கு எல்லார் முன்னாடியும் நின்னு நீ இத முதல் தடவையா கேக்கக் கூடாது. அதான் வந்தேன்."

நான் முதல் வரியைப் படித்தேன். இரண்டாம் வரியில் என் குரல் நின்றுவிட்டது. அம்மா பொறுத்துப் பார்த்தாள். பிறகு அவளுடைய பெரிய கையை என் முதுகில் வைத்தாள். நான் மறுபடி முதலிலிருந்து படித்து முடித்தேன்.

ஸ்தேஷா, "ஏன் நான்?" என்று கேட்டாள். அம்மா பலகையில் எழுதினாள்: "இடது பக்கம் திரும்ப உனக்கு இன்னும் வரல. நான் சரியா சொல்லித் தரல." அந்தப் பெண் புத்தகத்தைத் தரையில் வீசிவிட்டு, "எனக்கு எதுவும் வேணாம், போங்க!" என்று உள்ளே ஓடினாள். தாய், "ஏய், மரியாதையா பேசு!" என்று அதட்டினாள். அம்மா கையை உயர்த்தித் தாயைத் தடுத்தாள். விடு, கத்தட்டும் என்பது போல. நாங்கள் அரை மணி நேரம் உட்கார்ந்து காளான் சாப்பிட்டோம். உள்ளேயிருந்து அழுகை கேட்டுக்கொண்டிருந்தது. அது ஓயும் வரை அம்மா எழுந்திருக்கவில்லை.

வார்யா, என் குரல் ஏன் நின்றது என்று இப்போது சொல்கிறேன்.

2008 மார்ச். நீ அம்மாவின் அணியில் ஆடிக்கொண்டிருந்தாய், மாஸ்கோவில் இறுதிச் சுற்று. பட்டியல் படிப்பதற்கு முந்தின நாள் காலை, நீ ஓடப் போயிருந்தாய். அம்மா என் எதிரே உட்கார்ந்து கூழைக் கிண்டிக்கொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. "கேப்டன், பதின்மூணாவது பேரு வார்யா" என்றாள். "ரீத்தா அவள விட நல்லா ஆடுறா. எம் பொண்ணா இல்லாம இருந்தா ரெண்டு நிமிஷம் யோசிச்சிருக்க மாட்டேன். மூணு நாளா யோசிக்கறேன்." அவள் தொடர்ந்து சொன்னாள்: "இன்னிக்கே அவளுக்குத் தெரியணும். நீ சொல்லு. நான் சொன்னா கோச் சொன்ன மாதிரி இருக்கும். நீ சொன்னா அழறதுக்கு ஒரு தோளாவது இருக்கும். தனியா அழுது முடிச்சுட்டு, நாளைக்குத் தலை நிமிர்ந்து வந்து நிக்கட்டும்."

நான் சொல்கிறேன் என்றேன். சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். மதியம் வீட்டுக்கு வந்தேன். நீ மேசையில் உட்கார்ந்து மாஸ்கோ பயணத்துக்குக் காலணியில் புதுக் கயிறு கோத்துக்கொண்டிருந்தாய். "அப்பா, செவப்பு கயிறா, வெள்ளையா?" என்று கேட்டாய். நான் சிவப்பு என்றேன். மறுபடி ஆற்றுக்குப் போய்விட்டேன். அன்று ஒரு மீன்கூடச் சிக்கவில்லை. தூண்டிலில் இரை மாட்டவே இல்லை என்று இருட்டும்போதுதான் பார்த்தேன். நான் திரும்பி வந்தபோது நீ உறங்கியிருந்தாய். காலையில் சொல்லலாம் என்று நினைத்தேன். காலையில் நீ எனக்கு முன்னால் போய்விட்டாய்.

அம்மா பட்டியலைப் படிக்கத் தொடங்கியபோது உனக்கு எல்லாம் தெரியும் என்றே நினைத்திருந்தாள். பன்னிரண்டாவது பெயரைப் படித்துவிட்டு நிமிர்ந்து உன் முகத்தைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அத்தனை பெண்களுக்கு முன்னால் அவள் என்ன செய்ய முடியும்? காகிதத்தை மடித்தாள். நீ சிவப்புக் கயிறு கட்டிய காலணியை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு, காலுறையோடு பனியில் வீட்டுக்கு நடந்து வந்தாய்.

அன்று அவள் வீட்டுக்கு வந்து என்னிடம் ஒரே வார்த்தைதான் கேட்டாள். "சொல்லலையா?" நான் தலையைக் குனிந்தேன். "சரி" என்றாள். சூப்பைச் சூடு பண்ணி எனக்கும் ஊற்றினாள்.

அந்த வாரமே நீ வீட்டை விட்டுக் கிளம்பினாய். அணி மாஸ்கோவில் வென்றது. அவள் பயிற்சியாளராக வாங்கிய பெரிய கோப்பை அது. நம் வீட்டில் அது எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா? இருக்கவே இல்லை. பள்ளிக்கே கொடுத்துவிட்டாள். ஒரு வருஷம் கழித்து, நீ ஸ்பெயினிலிருந்து எனக்கு மட்டும் எழுதிய முதல் கடிதத்தில், "எல்லாருக்கும் முன்னால் என்னை அப்படி நிற்க வைத்தவளை மன்னிக்க முடியாது" என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும், உனக்கு எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன் என்று நான் அவளிடம் சொன்னேன். அவள் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்தாள். "வேணாம் கேப்டன். பொண்ணுக்கு நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தராவது வேணும். ரெண்டு பேரையும் அவ தொலைக்கக் கூடாது. கோபம் எம்மேலயே இருக்கட்டும். எனக்குத் தோள் அகலம்."

நான் ஒப்புக்கொண்டேன் வார்யா. பத்து வருஷம் ஒப்புக்கொண்டேன். ஞாயிறுதோறும் உன் அன்பை முழுவதும் நான் ஒருவனே வாங்கிக்கொண்டேன். அதில் பாதி அவளுடையது.

போட்டியைச் சொல்லி முடிக்கிறேன். கொஸ்த்ரோமாவில் அரங்கம் நிரம்பியிருந்தது. மேளம், ஊதல், கூச்சல். மற்ற பயிற்சியாளர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள், அவர்களுடைய பெண்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை, "என்ன? என்ன?" என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நம் பெண்களுக்குக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. ஆட்டம் நிற்கும்போதெல்லாம் ஐந்து முகமும் அம்மா பக்கம் திரும்பும், சூரியகாந்திப் பூக்கள் போல. அவள் கை ஒரு முறை அசையும். அவர்கள் போவார்கள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யெஃபீமொவ் நகத்தைக் கடித்துக்கொண்டே, "இந்தம்மா கையாலயே கத்துறாங்களே!" என்றார். அரையிறுதியில் இரண்டு புள்ளியில் வென்றோம். இறுதி ஆட்டத்தில் தோற்றோம், ஐந்து புள்ளியில். அழுதார்கள், பிறகு பஸ்ஸில் பாடினார்கள். அடுத்த வருஷமும் அம்மாதான் பயிற்சியாளர், எழுதிக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது.

ஸ்தேஷா அரங்கத்துக்கு வந்திருந்தாள். யாரோடும் பேசாமல், கையைக் கட்டிக்கொண்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இன்னும் பயிற்சிக்கு வரவில்லை. வருவாளா என்று தெரியாது. அம்மாவும் யாரையும் அனுப்பிக் கேட்கவில்லை.

இதையெல்லாம் உனக்கு எழுதப் போகிறேன் என்று நேற்று அவளிடம் சொன்னேன். முதலில் வேண்டாம் என்று கை உயர்த்தினாள். பலகையை எடுத்தாள். எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள், மறுபடி அழித்தாள். கடைசியில் பலகையை மேசையில் வைத்துவிட்டு ஜன்னலடியில் போய் நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை அவள் என்னைத் தடுக்கவில்லை.

மகளே, என்னை மன்னித்துவிடு என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. என் மேல் கோபப்படு. எனக்குத் தோள் அகலமில்லை, ஆனாலும் தாங்கிக்கொள்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிற்றுக்கிழமை நீ அழைக்கும்போது என்னிடம் பேச வேண்டாம். அம்மாவைக் கூப்பிடச் சொல். நான் போனை அவள் காதில் வைத்துவிட்டு வெளியே போய்விடுகிறேன். திட்டுவதென்றால் திட்டு. பாதாம் பூத்ததைச் சொல்வதென்றால் சொல். அவளுக்கு எதுவானாலும் சரி.

ஆனால் ஒன்றை நினைவில் வைத்துக்கொள் கண்ணே. எதிர்ப்பக்கம் ஒன்றும் கேட்காது. மூச்சுச் சத்தம்கூட வராது. இணைப்பு அறுந்துவிட்டது என்று எண்ணி வைத்துவிடாதே. அவள் அங்கே இருப்பாள்.

ஆண்டவன் உன்னைக் காக்கட்டும்.

உன் அப்பா,
வெனியமின்.